இரண்டாம் வாரத்துப் பந்து

பந்து ஆகாயத்தில் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நியூ ஜெர்சி ஐசலினில் உள்ள கிட்டுசாமி வீட்டு ஹாலில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்கள் இருந்த இடங்களாவன: வீட்டுக்காரர் கிட்டுசாமி, டி.வி.க்கு நேர் எதிரே சாய்வு நாற்காலியில், இடது காலை மட்டும் முக்காலிமேல் தூக்கிப் போட்டபடி. அவர் மனைவி வசந்தாமணி உட்காரவில்லை. சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நிலையில் சாய்ந்து நின்றார். அடுத்த தெருவிலிருந்து வந்திருந்த ஷம்சாத், நீள சோபாவின் ஜன்னலோர முனையில். ஷம்சாத்தின் மகன் ஜுஹைர் மாடிப்படியில், கீழிருந்து மூன்றாம் படி. ஷம்சாத்தின் கணவர் மீரான் மைதீன், பின்பக்கக் கண்ணாடிக் கதவை ஒட்டி, சாப்பாட்டு மேசையிலிருந்து இழுத்துப் போட்ட நாற்காலியில். ஆறாவதாக ஒருவன் உண்டு; அவன் டி.வி.க்குள் இருந்தான். கிட்டுசாமியின் மகன் நவநீத், ஃபெர்ரிமென் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின் உதைப்பாளன்.

இந்த இடங்கள் தற்செயலாக அமைந்தவை அல்ல. கிட்டுசாமி தாராபுரத்துக்காரர், மைதீன் காயல்பட்டினத்துக்காரர்; இருவரும் கோயம்புத்தூரில் ஒரே விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படித்தவர்கள். அந்த விடுதியின் டி.வி. அறையில் கிரிக்கெட் ஓடும்போது, யார் எப்படி இருக்கையில் ரன் ஏறுகிறதோ அவர் அப்படியே இருந்தாகவேண்டும். ஒற்றைக் காலில் நின்றவன் ஒற்றைக் காலில்தான் நிற்கவேண்டும். எழுந்தால் விக்கெட் போய்விடும், போனால் எழுந்தவன்தான் காரணம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த வழக்கம்தான், பாதி விளையாட்டும் பாதி பயமுமாக. பின்னாளில் ஜெர்சி சிட்டியில் ஒரே வங்கிக்குக் கான்ட்ராக்டில் வந்து, ஐசலினில் அடுத்தடுத்த தெருவில் இருவரும் வீடு வாங்கியபோது அந்த வழக்கமும் கூடவே வந்துவிட்டது. போன வருஷம் நவநீத் அணியில் சேர்ந்து, முதல் உதையே இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கும் நடுவே போனபோது ஐவரும் எப்படி இருந்தார்களோ, அப்படியே அவரவர் இடம் நிலைத்தது. விளம்பரத்தின்போது எழலாம், பாதி ஆட்ட இடைவேளையில் எழலாம், பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மட்டும் எழக்கூடாது. போன நவம்பரில் ஊரிலிருந்து போன் வந்ததென்று ஷம்சாத் எழுந்து இரண்டடி வைத்தார். நவநீத்தின் பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. அன்றிலிருந்து எல்லாருடைய போன்களையும் ரொட்டி டப்பாவில் போட்டு மூடிவைப்பது என்று ஆயிற்று. ஆகவே மைதீனுக்கு விஷயம் தெரியாது என்று சொல்வதற்கில்லை.

ஜுஹைரும் நவநீத்தும் கிண்டர்கார்டனிலிருந்து ஒரே வகுப்பு. அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைத் தரையில் நிமிர்த்திப் பிடிக்க ஒருவன் வேண்டும், ஓடிவந்து உதைக்க ஒருவன் வேண்டும். பார்க்கில் ஜுஹைர் பிடிப்பான், நவநீத் உதைப்பான். அந்த நாட்களில் கிட்டுசாமி மகனைப் பற்றிக் கவலைப்பட்டால் மைதீன்தான் ஆறுதல் சொல்வார். சொல்கிற ஆறுதலில் தன் மகனின் மார்க்கும் இரண்டு தடவை வந்துபோகும். பிறகு வருஷங்கள் ஓடின. ஜுஹைர் கம்ப்யூட்டர் படிப்பை நல்லபடியாக முடித்த கோடையில், ஆள் எடுக்கிற கம்பெனிகளெல்லாம் ஆளைக் குறைக்கிற கம்பெனிகளாக மாறியிருந்தன. இரண்டு வருஷமாக அவன் அப்ளை பண்ணிக்கொண்டிருந்தான். பகலில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் போன்களுக்குக் கண்ணாடி ஒட்டினான். நவநீத்தின் முகமோ டர்ன்பைக் நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகையாக நின்றது. தினமும் வேலைக்கு டிரைவ் பண்ணிப் போகையில் அந்தப் பலகை வரும்போது மைதீன் ரேடியோவைத் திருகுவார்.

அன்று சீசனின் இரண்டாவது ஆட்டம்தான். எதிரே டெக்சாஸ்காரர்களான டிரில்லர்ஸ், அதே டிவிஷனைச் சேர்ந்த அணி. டிவிஷன் என்பது நான்கு அணிகள். வருஷத்துக்குப் பதினேழு ஆட்டங்கள். முடிவில் நால்வரில் அதிகம் ஜெயித்தவர் தலைவர். டெக்சாஸ் ஒரு பாயிண்ட் முன்னே இருந்தது, கடிகாரத்தில் மூன்று விநாடி மீதி. நவநீத் உதைத்து உள்ளே போனால் மூன்று பாயிண்ட், வெற்றி. அவன் அளந்து பின்னால் நடந்துகொண்டிருந்தான். வசந்தாமணிக்குப் பயம் வந்தால் பேச்சு வரும். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"ஏனுங் மைதீனண்ணா, அந்த டீம் ஆபீசுல டிக்கெட் கிழிக்கற வேலையாட்டம் ஏதாச்சும் இருக்குமுங்க. நம்ம ஜுஹைருக்கு நவநீத்துகிட்டச் சொல்லிப் பாக்கட்டுங்களா?"

அந்தச் சொல்லில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. மூன்றாம் படியிலிருந்து ஜுஹைர் சிரித்துக்கொண்டே, "ஷ்யூர் ஆன்ட்டி, ஃப்ரீ ஹாட்டாக் கிடைக்கும்ல" என்றான். டி.வி.யில் பந்து பின்னால் வந்தது, பிடிக்கிறவன் நிமிர்த்தினான், நவநீத்தின் கால் பட்டது. பந்து கிளம்பியது. மைதீன் எழுந்தார்.

தண்ணீருக்காக எழவில்லை. கால் மரத்துப்போயும் எழவில்லை. எழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்து, ஆகட்டும் என்று எழுந்தார். அவ்வளவுதான். முழுதாக நிமிர்வதற்குள் அவருக்கே உடம்பு கூசி மறுபடி உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பந்து கம்பங்களுக்கு ஒரு கார் நீளம் முன்னால், சரியாக நடுவே, கிழக்கே சற்று மூக்கைச் சாய்த்தபடி ஆகாயத்தில் நின்றது. அதன் சுழற்சியும் நின்றுவிட்டது. கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்தது. ஆட்டக்காரர்கள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்கள்.

நடுவர்கள் விதிப்புத்தகத்தைக் கொண்டுவரச் செய்து படித்தார்கள். கம்பங்களுக்கு நடுவே கடந்தால் கணக்கு உண்டு, கடக்காமல் விழுந்தால் இல்லை. கடக்காமலும் விழாமலும் நிற்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து, பார்க்கிங்கை மூடும் நேரம் ஆகிவிட்டதால், இருந்த பாயிண்ட்படி டெக்சாஸ் ஜெயித்ததாக அறிவித்தார்கள். மறுநாள் தீயணைப்பு வண்டியின் ஏணியில் இரண்டு பேர் ஏறிப் பந்தைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் தொங்கியும் பார்த்தார். தோல் சற்று வெதுவெதுப்பாக இருந்ததாகவும் மற்றபடி சாதாரணப் பந்துதான் என்றும் இறங்கிவந்து சொன்னார். இன்ஷூரன்ஸ்காரர்கள் சொன்னபடி அதன் கீழே ஒரு வலை கட்டினார்கள். அடுத்த ஆட்டம் அதற்கடியிலேயே நடந்தது. அந்த வாரம் ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது, கடைக்கு வந்தவர்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தோல்வியையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சீசனே இப்பத்தான ஆரம்பிச்சிருக்குது" என்று கிட்டுசாமி எல்லாரிடமும் சொன்னார். ரேடியோவிலும் அதையே சொன்னார்கள். செப்டம்பரில் தோற்பவன் கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாம், முன்னால் அத்தனை வாரங்கள் கிடக்கின்றன என்று பொதுவாக ஒரு எண்ணம். பட்டியலில் பார்த்தால் செப்டம்பர் ஆட்டத்துக்கும் டிசம்பர் ஆட்டத்துக்கும் ஒரே எடைதான், ஒன்றுக்கு ஒன்று. அது எல்லாருக்கும் தெரியும், செப்டம்பரில் மட்டும் தெரியாது. மைதீனும் தனக்குத்தானே அதையே சொல்லிக்கொண்டார்: ஒரு ஆட்டம், இரண்டாம் வாரம், யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்.

நவநீத் ஞாபகம் வைத்திருந்தான். ஓடிவரும்போது ஒரு கணம் மேலே பார்க்கிற பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தில் ஒன்று தவறியது, அதற்கடுத்ததில் இரண்டு. அக்டோபர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டு, ஐந்து நிமிஷத்தில் பேசி, அவன் அலமாரியைக் காலி பண்ணச் சொன்னார்கள். விளம்பரப் பலகையில் வியாழக்கிழமையே ஒரு பல் டாக்டர் சிரித்தார். நவநீத் டெக்சாஸில் பிளேனோவுக்குப் போய், காலேஜ் சினேகிதன் வீட்டில் தங்கி, ஒரு ஹைஸ்கூல் மைதானத்தில் தனியே உதைத்துப் பழகினான். ஏதாவது அணி கூப்பிடும் என்று காத்திருந்தான். கூப்பிட்டவர்கள் எல்லாரும் மரியாதையாகப் பேசிவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அந்தப் பந்து இறங்கிவிட்டதா?

மகன் இல்லாத ஆட்டத்தை எதற்குப் பார்ப்பது என்று கிட்டுசாமி டி.வி.யை அணைத்துவைத்திருந்தார். மைதீன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், தானே நாற்காலியைக் கண்ணாடிக் கதவருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பார்க்கவேண்டும் என்றார். காரணம் சொல்லவில்லை. காரணம் இதுதான்: ஃபெர்ரிமென் இரண்டு ஆட்டம் கூடுதலாக ஜெயித்து டிவிஷனைப் பிடித்துவிட்டால், செப்டம்பரில் தோற்ற அந்த ஒன்று ஒன்றுமில்லாமல் போகும். ஒன்றுமில்லாமல் போன ஒன்றை எவன் செய்தான் என்று அல்லாஹ்வும் துருவிக் கேட்கமாட்டான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அப்படியாக, வாழ்க்கையில் கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் அறியாத மைதீன், அந்த அணியின் ஒவ்வொருவன் முழங்காலையும் பற்றிக் கவலைப்படுகிறவர் ஆனார். பாதி ஆட்ட இடைவேளையில் கூட எழுவதில்லை. நவம்பரில் குளிர்கால நேரத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைத்தபின் அஸர் தொழுகை நேரம் சரியாக அந்த இடைவேளையில் வந்தது. அதற்கு மட்டும் எழுந்து, நாற்காலிக்குப் பக்கத்திலேயே தொழுது, அதிலேயே உட்கார்ந்தார். டயாபடீஸ் உள்ள மனிதர், பாத்ரூமுக்கு எழவேண்டி வருமென்று தண்ணீர் குடிப்பதை ஞாயிறு காலையே நிறுத்திவிடுவார்.

இதையெல்லாம் பார்த்து கிட்டுசாமிக்குக் கண் நிறைந்தது. தன் மகனுக்காகத்தான் மைதீன் இப்படி இருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன் கூட இப்படி வந்து உக்காரமாட்டான் மைதீனு" என்று ஒருநாள் சொல்லி, அவர் தட்டில் இன்னொரு வடையை வைத்தார். மைதீன் அந்த வடையைத் தின்றார். அதைத் தின்ற விதத்தை அவர் வெகு நாள் மறக்கவில்லை.

அணியும் ஜெயித்தது. அக்டோபரில் ஜெயித்தது, தாங்க்ஸ்கிவிங்குக்குள் முதலிடத்தைத் தொட்டது, டிசம்பரில் டெக்சாஸுக்கே போய் அவர்களை அடித்துவிட்டு வந்தது. ஆனால் டெக்சாஸும் மற்றவர்களிடம் அதிகம் தோற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் மைதீன் பட்டியலைப் பார்ப்பார். முன்னும் பின்னுமாக மாறினாலும் இரண்டு அணிகளுக்கும் நடுவே கடைசியில் அந்த ஒன்று திரும்ப வந்து நிற்கும். பனி பெய்தபோது பந்தின்மேல் தொப்பிபோல் பனி உட்கார்ந்திருந்ததை டி.வி.யில் காட்டினார்கள். கடைசி ஞாயிறன்று இரண்டு அணிகளுமே ஜெயித்தன. டெக்சாஸ் பன்னிரண்டு, ஜெர்சி பதினொன்று. தலைவர் ஆகியிருந்தால் சொந்த மைதானத்தில் ஆடியிருக்கலாம். ஆகாததால் ஃபெர்ரிமென் பிளேஆஃப் என்கிற அடுத்த சுற்றுக்குக் கலிஃபோர்னியா போய், அங்குள்ள வளைகுடாப் பகுதி அணியோடு மழையில் சறுக்கி விழுந்து தோற்றது. அந்த வளைகுடாப் பக்கத்துச் சான் ரமோனிலிருந்து ஷம்சாத்தின் தம்பி ஜாவித் போன் பண்ணி, "என்ன மச்சான், ஒரே ஒரு பந்து எறங்கியிருந்தா நாங்க அங்க வந்துல்ல குளிர்ல செத்திருப்போம்" என்று கேலி பேசினான். மைதீன் போனை ஷம்சாத்திடம் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் எல்லாரும் செப்டம்பருக்குத் திரும்பினார்கள். ரேடியோவிலும் பேப்பரிலும் பேங்க் கேன்டீனிலும் வேறு பேச்சில்லை. இரண்டாம் வாரத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மாசம் கழித்து டிவிஷனையே தீர்மானித்துவிட்டது என்றும், நவநீத்தின் காலில்தான் முதலிலிருந்தே ஏதோ கோளாறு என்றும் சொன்னார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை, கிட்டுசாமி வீட்டு முற்றத்துப் பனியில் இருவரும் உப்பு தூவிக்கொண்டிருக்கையில் மைதீன், "அன்னைக்கு நான் எந்திரிச்சேன் கிட்டு" என்றார். கிட்டுசாமி நிமிரவில்லை. உப்பைத் தூவிக்கொண்டே, "வுடு. நாங்கூடக் காலைக் கீழ எறக்கிப்போட்டேன்" என்றார். வசந்தாமணி அடுப்பில் தீய்கிற வாசம் வந்து உள்ளே ஒரு அடி வைத்தாராம். ஷம்சாத் கண்ணை மூடிக்கொண்டாராம். அதை அவர் வசந்தாமணியிடம் அழுதே சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒன்றை மனசுக்குள் வைத்துக்கொண்டு ஐந்து மாசமாக அந்த இரண்டு வீட்டிலும் யாரும் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நீ எதுக்கு எந்திரிச்சே" என்று கிட்டுசாமி கேட்டிருந்தால் மைதீன் சொல்லியிருப்பார். கிட்டுசாமி கேட்கவில்லை. மற்றவர்கள் தவறி அசைந்தவர்கள், தான் வேண்டி எழுந்தவன் என்ற வித்தியாசத்தைத் தன்னோடே வைத்துக்கொண்டு மைதீன் மீதி உப்பையும் தூவிவிட்டு வீட்டுக்கு நடந்தார். இப்போது அது முன்னைவிடக் கனத்தது.

மார்ச்சில் அணிகளின் முதலாளிகள் கூடி விதிப்புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: ஜெர்சி மைதானத்தில், நிற்கிற பந்தின்மேல் ஆட்டப் பந்து பட்டால் திரும்ப உதைக்கலாம். ஸ்டேடியம் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு அந்தப் பந்தை மூன்றாவதாகக் காட்டினார்கள். ஒரு குருவி அதன் மறைவுப் பக்கத்தில் கூடு வைத்தது. வலையைத் தைத்துப் பராமரிக்க வருஷ கான்ட்ராக்ட் விட்டார்கள். பந்தைப் பற்றிய விஷயம் அத்தோடு முடிந்தது.

நவநீத்தின் விஷயம் முடியவில்லை. ரமலான் நோன்புக் கஞ்சி வாங்க வந்த வசந்தாமணி, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஷம்சாத்திடம் சொன்னதை மைதீன் உள்ளறையிலிருந்து கேட்டார். பையன் அங்கே டாக்டரிடம் காலைக் காட்டியிருக்கிறான், படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றிருக்கிறார்கள். "கால்ல ஒண்ணுமில்லீன்னா அப்ப எங்கிட்டத்தான் ஏதோ இருக்குதும்மாங்கறான். இனி பந்தைத் தொடமாட்டானாம். அடுத்த மாசம் பொறந்தா ஏதோ இன்ஷூரன்ஸ் ஆபீசுல சேர்றானாமுங்." கலிஃபோர்னியாவின் அந்த வளைகுடா அணி ஒரு தடவை வந்து உதைத்துக் காட்டச் சொன்னதாம், அதற்கும் வரவில்லை என்று பதில் போடப் போகிறானாம். அவர் அழவில்லை. கஞ்சி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைதீன் அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தார். நவநீத்துக்குத் தமிழ் படிக்க வராது; சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை அவன் ஃபுட்பாலுக்காக இரண்டாம் வருஷமே விட்டவன். அதனால் இங்கிலீஷில் ஆரம்பித்தார். இருபது வருஷமாக வங்கிக்கு ஈமெயில் எழுதிய கை, எவ்வளவு முயன்றாலும் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்ற வாக்கியத்திலேயே போய் நின்றது. மூன்று தாளைக் கிழித்தபின் தமிழில் எழுதினார். காயல்பட்டினத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி வலது மூலையில் ஊரும் தேதியும் போட்டார். நலம், நலமறிய ஆவல் என்று எழுதி, அதை அடித்தார். பிறகு தடையில்லாமல் வந்தது. உன் காலில் குறை இல்லை, உன்னிடமும் குறை இல்லை. பந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது போகக்கூடாது என்று நான் விரும்பினேன், அதனால் எழுந்தேன். என் மகனுக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. உன் அப்பாவிடம் எழுந்ததை மட்டும் சொன்னேன், இதைச் சொல்லவில்லை, நீ சொல்லிக்கொள்ளலாம். நீ போய் உதைத்துக் காட்டு.

முடித்த பிறகு ஒன்று விளங்கியது. வீட்டுப் பெரியவர்களை விட்டால் இதை நவநீத்துக்கு வாசித்துக் காட்டக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் உண்டு, தமிழ் வகுப்பைக் கடைசிவரை படித்த ஜுஹைர். இரண்டு பேரும் இன்றைக்கும் தினம் வீடியோவில் பேசிக்கொள்கிறவர்கள். தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட மைதீனின் கை போனது உண்மை. அப்படி வைக்காமல், நோன்பு திறந்து எல்லாரும் சாப்பிட்டபின் ஜுஹைர் முன்னால் வைத்தார்.

ஜுஹைர் விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாகப் படித்தான். கடைசிவரை போய் மறுபடி மேலே வந்தான். ஷம்சாத் தட்டுகளை எடுக்காமல் நின்றார்.

"நான் உங்கள்ட்ட எப்பவாச்சும் அவனமாதிரி ஆகணும்னு சொன்னேனா வாப்பா?" என்றான்.

"இல்ல."

"எனக்கு என் வேலை கிடைக்கும். லேட்டாகும், தட்ஸ் ஆல். நீங்க ஏன் எனக்காக..." என்று நிறுத்தினான். முகம் சிவந்திருந்தது. கோபமா வெட்கமா என்று மைதீனால் சொல்லமுடியவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"இத அவனுக்கு அப்டியே வாசிக்கணுமா? கொஞ்சம் சாஃப்டா மாத்திச் சொல்லவா?"

"அப்படியே வாசி" என்றார் மைதீன்.

"இப்பவே போன்ல சொல்லிடலாமே. எதுக்கு போஸ்ட்?"

"அவன் கையில தாள் இருக்கணும். அத அவன் வீடியோல காட்டட்டும், நீ வாசி. போன்ல சொன்னா நீ ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைப்பான்."

ஜுஹைர் உள்ளே போய் ஒரு உறை கொண்டுவந்தான். பிளேனோ விலாசத்தை இங்கிலீஷில் அவனே எழுதினான். தாளை மூன்றாக மடித்து உள்ளே வைத்து, உறையை வாப்பாவின் பக்கம் தள்ளினான். ஒட்டுவதை அவர்தான் செய்யவேண்டும் என்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டான். மைதீன் நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தித் தேய்த்து ஒட்டினார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் போஸ்ட் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினார். அங்கே இருந்தது கைப்பிடியை இழுத்துத் திறக்கிற பழைய நீலப் பெட்டி. உறையைப் பெட்டியின் வாயில் வைத்து மூடினார். பிறகு கைப்பிடியை மறுபடி இழுத்து, கடிதம் உள்ளே விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். விழுந்திருந்தது.